பெரட்டுக் களத்து நீலப் பலகை

பொய் சொல்வானேன், அந்தக் காலத்தில் எனக்கு என் குரல் மீது கொள்ளை ஆசை. நமுனுகுல மலையில் பனி விலகுமுன்னே, காலை ஆறு மணிக்கு, கவிழ்த்துப் போட்ட தேயிலைப் பெட்டியின் மேல் ஏறி நின்று நான் வாசிக்க ஆரம்பித்தால், சரிவில் கீழே இருக்கும் பணிய லயத்து வாசலில் சுருண்டு கிடக்கும் நாய் எழுந்து உட்காரும். அந்தக் குரல்தான் ஒரு வாரம் எங்கள் தோட்டத்தையே தலைகீழாகப் புரட்டிப் போட்டது.

போன மாதம் எங்கள் பழைய தோட்டத்துக்கு வந்திருக்கும் புது மருத்துவமாது ஒருத்தி, பதுளையில் என் வீடு தேடி வந்தாள். சின்னப் பிள்ளை. எந்தப் பக்கம் தொற்று இருக்கிறது, யார் யாருக்கு ஊசி போட்டாயிற்று என்று தினமும் ஃபோனில் எல்லாருக்கும் அனுப்புகிறாளாம். எல்லாரும் பார்க்கிறார்களாம். ஒருத்தரும் வருகிறதில்லையாம்.

"ஒங்க காலத்துல எப்படிக்கா சமாளிச்சீங்க?" என்று கேட்டாள்.

"சமாளிச்சேனா? நான்தான்டி கெடுத்தேன்!" என்று சொல்லிவிட்டு நான் சிரித்த சிரிப்பில், அவள் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் லயத்தில், குடும்பத்துக்கு ஒரு காம்பரா என்று வரிசையாகக் கட்டின அறைகளில் ஒன்றில், பிறந்தவள். தோட்டத்துப் பள்ளிக்கூடம், அப்புறம் பண்டாரவளையில் கொஞ்சப் படிப்பு, அப்புறம் பதுளை ஆஸ்பத்திரியில் பயிற்சி. அங்கே முதலில் சொல்லிக் கொடுத்தது வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்க வேண்டும் என்பது. அது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் எனக்கு நன்றாகவே வந்தது. அறுபதுகளின் கடைசியில், நான் பிறந்த தோட்டத்து டிஸ்பென்சரிக்கே உதவியாளாக வந்து சேர்ந்தேன்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் அருளையா. யாழ்ப்பாணத்துக்காரர். உண்மையில் அவர் தோட்ட வைத்திய உதவியாளர்தான். ஆனால் மலையில் எல்லாருக்கும் அவர் 'டாக்டர் ஐயா'. மெலிந்த மனிதர். வெள்ளைக் கோட்டின் எல்லாப் பொத்தானையும் கழுத்து வரை போட்டிருப்பார். கோபம் வந்தால் கத்தமாட்டார். கண்ணாடியைக் கழற்றி, கோட்டு நுனியால் மெதுவாகத் துடைப்பார்.

எழுபதுகளின் நடுவில் வாந்திபேதி நாட்டுக்குள் வந்தது. பத்திரிகையில் கொலரா என்று எழுதினார்கள். உலகம் சுற்றி வந்த நோயாம். முதலில் எங்கோ கடலோரத்தில் என்றார்கள், அப்புறம் மொனராகலைப் பக்கம் ஒருத்தர் என்றார்கள், அப்புறம் பக்கத்துத் தோட்டம் என்றார்கள். எங்கள் லயங்களில் பீலித் தண்ணிதான் குடிப்பது. மலையில் ஊறி வரும் தண்ணீரை மூங்கில் வைத்தோ தகரம் வைத்தோ இறக்கினால் அது பீலி. மேல் லயத்தில் கழுவினது பணிய லயத்துப் பீலிக்கு வந்து சேரும். நோய் வந்தால் முதலில் பணிய லயம்தான் என்று டாக்டர் ஐயா சொன்னார்.

வதந்தி எங்களுக்கு முன்னே ஓடிக்கொண்டிருந்தது. வெலிமடைக்குப் போய்வந்த ஒருவர் அங்கே சந்தையே மூடிவிட்டார்கள் என்றார். மறுநாள் அதே சந்தையில் வாங்கிய லீக்ஸைத் தூக்கிக்கொண்டு இன்னொருவர் வந்தார்.

"சனத்துக்கு உள்ளதைச் சொல்ல வேணும், பிள்ளை. நாங்கள் சொல்லாட்டில் வேறை ஆரும் சொல்லுவினம்" என்றார் டாக்டர் ஐயா. அதற்காகத்தான் பலகை வந்தது.

இரண்டு தேயிலைப் பெட்டியை உடைத்து, பலகைகளைச் சேர்த்து அடித்து, தார் பூசிப் பெரட்டுக் களத்தில் நிறுத்தினோம். தினமும் காலையில் ஆள்கணக்கு எடுத்து, இன்னின்னார் இன்ன மலைக்கு என்று வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்தான் பெரட்டுக் களம். தோட்டத்தில் உள்ள எல்லாரையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டுமென்றால் அதை விட்டால் வேறு இடம் கிடையாது.

பலகைக்கு டாக்டர் ஐயா வைத்த சட்டங்கள் இருக்கிறதே, அப்பப்பா! நேற்று எழுதினதைக் கையால் அழிக்கக் கூடாது, ஈரத்துணியால்தான் அழிக்க வேண்டும். கெட்ட செய்தி மேலே, நல்ல செய்தி கீழே. தெரியாததைத் தெரியாது என்றே எழுத வேண்டும். எழுதுவதற்கு முன் ஒரு தாளில் எழுதி அவரிடம் காட்ட வேண்டும். அவர் பென்சிலால் பாதியை வெட்டுவார். 'பயங்கர' என்று நான் எழுதினால் வெட்டுவார். 'கவலையே வேண்டாம்' என்று எழுதினாலும் வெட்டுவார். "கவலை வேணுமோ வேண்டாமோ எண்டு அதுகள் தீர்மானிக்கட்டும், பிள்ளை. நீர் விஷயத்தைச் சொல்லும்" என்பார்.

வாசிக்கத் தெரியாதவர்கள் பாதிப் பேர். அதனால்தான் நான் பெட்டி மேல் ஏறி வாசித்தேன். ஆனால் நான் வாசித்ததை விட நான் வரைந்ததுதான் பிடித்துப் போயிற்று. ஐந்து லயத்தையும் பலகையில் வரிசையாக வரைந்தேன். ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு கட்டம். அந்தக் காம்பராவில் இருக்கிற எல்லாரும் ஊசி போட்டுக்கொண்டால், துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து அந்தக் கட்டத்தில் பூசிவிடுவேன்.

ஐயோ, அந்த நீலம் செய்த வேலை! மூன்றே நாளில் தோட்டம் முழுக்கப் பைத்தியம் பிடித்துவிட்டது. "என்னா புள்ள, எங்க லயம் இன்னும் வெள்ளையாவே கெடக்கு?" என்று கங்காணிகள் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். மேல் லயத்துக் கங்காணி, சொந்த மச்சானைத் தோளில் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். மச்சான் கையைக் காலை உதைத்துக்கொண்டு, "விடுங்க மாமா, நானே நடந்து வாறேன்" என்று கெஞ்சினான். டிஸ்பென்சரி வாசலில் ஸ்டவ்வில் ஊசிகள் கொதித்துக்கொண்டே இருக்கும். முனை மழுங்கினால் டாக்டர் ஐயா கல்லில் தீட்டுவார். எனக்குத் தோள் இற்றுப்போகும். ஆனாலும் அந்த வாரம் போல நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை. சிரித்துச் சிரித்தே ஊசி போட்டேன்.

இப்படித் தலை கிறுகிறுத்துப் போய்த்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

மருந்து தீர்ந்துபோய், டாக்டர் ஐயா அதிகாலை பஸ்ஸில் பதுளைக்குப் போயிருந்தார். தாளைக் காட்ட ஆளில்லை. நீலக் கட்டத்தோடு ஏன் நிற்க வேண்டும், ஊசி போட்டவர்களைக் கௌரவிக்க வேண்டாமா என்று எனக்கு ஓர் எண்ணம். லயப் பதிவைப் பார்த்துப் பெயர்களை எழுதி, பெட்டி மேல் ஏறி, என் குரலை முழுதாகத் திறந்துவிட்டேன்.

"குடும்பத் தலைவர் வீரையா! மனைவி செல்லம்மா! பிள்ளைகள் மூன்று! எல்லாருக்கும் ஊசி போட்டாச்சு, கார்டு குடுத்தாச்சு! குடும்பத் தலைவர் சுப்பையா!"

களத்தில் ஒரு இருமல்கூட இல்லை. மரியாதை என்று நினைத்துக்கொண்டேன், மடச்சி. இன்னும் சத்தமாக வாசித்தேன்.

அந்த மௌனம் எதனால் என்று இப்போது வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில், இந்தியாவிலிருந்து கூலிகளாக வந்தவர்களின் வாரிசுகளான, எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத எங்கள் சனத்தில் ஒரு பங்கு இந்தியாவுக்குப் போக வேண்டும், ஒரு பங்கு இலங்கையில் இருக்கலாம் என்று இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டிருந்தன. சிலர் இந்தியாவுக்கு மனுப் போட்டிருந்தார்கள், சிலர் இங்கேயே இருக்க மனுப் போட்டிருந்தார்கள். பதில் எப்போது வரும், என்னவென்று வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. எங்கள் வீட்டு மனுவும் ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோர் மேசையில்தான் கிடந்தது. கப்பலுக்குப் பெயர் வந்தால், அதைப் பெரட்டுக் களத்தில்தான் வாசிப்பார்கள். குடும்பத் தலைவர் இன்னார், மனைவி இன்னார், பிள்ளைகள் இத்தனை என்று. போகிறவர்களுக்கு வாந்திபேதி ஊசி போட்டு ஒரு கார்டு கொடுப்பார்கள். அந்தக் கார்டு இல்லாமல் தலைமன்னாரில் கப்பல் ஏற முடியாது.

ஊசி, கார்டு, குடும்பத் தலைவர். நான் வாசித்தது அச்சு அசலாகக் கப்பல் லிஸ்டு!

மறுநாள் டிஸ்பென்சரி வாசலில் ஈ காக்காய் இல்லை. டாக்டர் ஐயா புது மருந்தோடு வந்து காத்திருந்தார். கடைசியில் ஒரே ஒருவர் வந்தார். முத்துவேல் கிழவர். புது வேட்டி, கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை, கக்கத்தில் குடை, தலையில் தகரப் பெட்டி, பெட்டி மேல் கால் கட்டின சேவல் ஒன்று. அவர் இந்தியாவுக்கு மனுப் போட்டுப் பல வருடமாகக் காத்திருந்தவர்.

"நான் ரெடிங்க. ஊசியப் போடுங்க. லொறி எத்தன மணிக்கு?" என்றார்.

டாக்டர் ஐயா என்னைப் பார்த்தார். "பிள்ளை, நேற்று நீர் என்னத்தை வாசிச்சனீர்?"

சொன்னேன். கண்ணாடி கழன்றது. கோட்டு நுனி வந்தது. அன்றைக்கு அவர் அதைத் துடைத்த மாதிரி வேறு எப்போதும் துடைத்ததில்லை. சேவல்கூடச் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"பிழையை எங்கை விட்டனீரோ, அங்கையே ஏறி நிண்டு திருத்தும்" என்றார். அவ்வளவுதான். முத்துவேல் கிழவருக்கு ஊசியைப் போட்டு, லொறி வராது என்பதையும் சொல்லி அனுப்பினோம். மறுநாள் காலையில் கை வீங்கிக் காய்ச்சலோடு திரும்பி வந்து, "காய்ச்சல் வந்துருச்சுங்க, இனி கப்பலும் வந்துரும்" என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று காலைப் பெரட்டில் நான் பெட்டி மேல் ஏறி, "முந்தாநாள் வாசிச்சது கப்பல் லிஸ்டு இல்ல, நான்தான் தப்பா வாசிச்சிட்டேன்" என்று மூன்று தரம் சொன்னேன். பலகையிலும் எழுதினேன். யார் நம்பினார்கள்? "கப்பல் லிஸ்டுன்னா கப்பல் லிஸ்டுன்னு சொல்லுவாங்களாக்கும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

அன்று மத்தியானம் பணிய லயத்தில் ஒரு கிழவிக்கு வாந்திபேதி கண்டது.

கடைசிக் காம்பராவில் இருக்கும் ராக்காயியின் மாமியார் அவர். ராக்காயி புருஷனை இழந்தவள். இரண்டு பிள்ளை, மாமியார், லெச்சுமி என்று ஒரு பசு. இதுதான் அவள் குடும்பம். லெச்சுமியின் பால்தான் புள்ளைமடுவத்துக்குப் போகும். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. பால் செம்பைக் கழுவுவது பணிய லயத்துப் பீலியில். முதலில் அந்தப் பாலை நிறுத்தினோம். கிழவியைத் தூக்கி வந்து டாக்டர் ஐயா சேலைன் ஏற்றினார். நான் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணியைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். பொழுது சாயும் வேளையில் கிழவி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "கஞ்சில உப்பு கூடிப்போச்சு" என்றார். நான் அழுதுவிட்டேன், சிரித்தும்விட்டேன்.

பலகையில் கெட்ட செய்தி மேலே ஏறிற்று: நமது தோட்டத்தில் ஒருவர். பீலித் தண்ணியைக் கொதிக்க வைக்காமல் ஒருவரும் வாயில் வைக்கக் கூடாது. கீழே: அந்த ஒருவர் கஞ்சி குடிக்கிறார்.

தண்ணியைக் கொதிக்க வைக்க ஆரம்பித்தார்கள். ஆனால் ஊசிக்கு மட்டும் ஒருவரும் வரவில்லை. பிறகுதான் டாக்டர் ஐயா பங்களாவுக்கு நடந்து போய்த் துரையிடம் ஓர் உதவி கேட்டார்.

துரை, அதாவது தோட்டத்து மேலாளர், புதிதாக வந்த சிங்களவர். நல்ல மனுஷன், ஆறடி உயரம். பெரட்டுக் களத்துக்கு வந்து, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றார். டாக்டர் ஐயா ஒரு தாளை என்னிடம் தந்தார். அவர் கையாலேயே எழுதினது. பெட்டி மேல் ஏறி, அன்றைக்கு வாசித்த அதே ராகத்தில் வாசித்தேன்.

"பங்களா! குடும்பத் தலைவர், பெரிய துரை!"

பின்னாலிருந்து மேல் லயத்துக் கங்காணி, மனு எழுத வருகிற குமாஸ்தாமார் எங்களிடம் கேட்கிற அதே மாதிரி, குரலை இழுத்துக் கேட்டார்: "தொரைக்கு இந்தியாவுல சொந்த ஊரு எதுங்க? திருச்சியா, மதுரையா?"

களம் வெடித்தது. பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். துரைக்குப் புரிந்ததும் அவரும் சிரித்தார். "மதுர, மதுர!" என்றார். சிரித்துக்கொண்டே இருந்தவர், டாக்டர் ஐயா ஊசியை வெளியே எடுத்ததும் அதைப் பார்த்தார். முகம் வெளுத்தது. போட்டு முடிந்ததும், நான் குதித்து இறங்கவும், அப்படியே மெதுவாக என் தேயிலைப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டார். ஆறடி மனுஷனுக்கு இரண்டு கங்காணிமார் கொழுந்துச் சாக்கால் விசிற வேண்டியதாயிற்று.

"தொரையவே கப்பல்ல ஏத்தப் போறாங்களா என்ன? வாங்கடி" என்று வீரையாவின் மனைவி செல்லம்மா, இன்னும் ஊசி போடாத தங்கச்சிமாரைக் கூட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். அதற்குப் பிறகு வரிசை பெரட்டுக் களத்தைத் தாண்டிப் போயிற்று. ஸ்டவ் அணையவே இல்லை. அடுத்த நாள் காலையில் பலகை நீலமோ நீலம். பணிய லயத்துக் கடைசிக் கட்டம் ஒன்றைத் தவிர.

ராக்காயி பிள்ளைகளுக்கு ஊசி போட விடவில்லை, தானும் வரவில்லை. நான் போனபோது மாட்டுக் கொட்டிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ராக்காயிக்கா, தொறங்க."

"போயிரு தங்கச்சி. எங்க அக்காளுக்கும் இப்படித்தான் ஊசி போட்டாங்க. பத்து நாள்ல லொறி வந்துச்சு. நான் எங்கயும் போகமாட்டேன். நான் போனா லெச்சுமிய யாரு பாப்பா? என் புருஷன இந்த மலையிலதான பொதைச்சிருக்கு?"

'ஒங்கள யாரும் அனுப்பமாட்டாங்கக்கா' என்ற வார்த்தை என் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொல்லியிருந்தால் கதவு அப்போதே திறந்திருக்கும். ஆனால் எனக்கென்ன தெரியும்? என் வீட்டுக்கே பதில் வரவில்லை. தெரியாததைத் தெரியாது என்றுதானே எழுத வேண்டும்?

"கப்பல் என் கையில இல்லக்கா. ஒங்க மனுவுக்கு என்னா பதில் வரும்னு எனக்குச் சத்தியமா தெரியாது. எங்க வீட்டுக்கே தெரியல. ஆனா இந்த ஊசிக்கும் கப்பலுக்கும் சம்பந்தம் இல்ல. அது மட்டும் எனக்குத் தெரியும்."

"அத எழுதிக் குடு" என்றாள் உள்ளேயிருந்து.

என்னிடம் தாள் இல்லை, சுண்ணாம்புக் கட்டிதான் இருந்தது. கொட்டில் கதவிலேயே எழுதினேன்: 'இந்த ஊசிக்கும் கப்பலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.' கீழே கையெழுத்துப் போட்டேன்.

"டாக்டர் ஐயாவும் போடணும்."

ஓடிப் போய்க் கூட்டி வந்தேன். அவர் கதவில் இருந்ததை இரண்டு தரம் வாசித்தார். இந்தத் தடவை ஒன்றையும் வெட்டவில்லை. சுண்ணாம்புக் கட்டியை வாங்கி, நோயாளிச் சீட்டில் போடுகிற மாதிரியே நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். கதவு திறந்தது. ராக்காயி கையை நீட்டினாள். டாக்டர் ஐயா குனிந்து ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது லெச்சுமி நாக்கை நீட்டி அந்த வெள்ளைக் கோட்டை, கழுத்துப் பொத்தான் வரைக்கும், ஒரே இழுப்பாக நக்கிற்று. "அட, சும்மா இரும்!" என்று மாட்டுக்கும் மரியாதை கொடுத்தார் மனுஷன். ராக்காயி முதல் தடவையாகச் சிரித்தாள்.

பதுளையிலிருந்து சுகாதாரக் கந்தோர்க்காரர்கள் வந்து பலகையைப் பார்த்தபோது அது முழு நீலம். அந்தக் கிழவிக்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் வேறு ஒருவருக்கும் நோய் வரவில்லை. ஊசியா, கொதித்த தண்ணியா, எது காப்பாற்றியது என்று கேட்டேன். "தெரியாது, பிள்ளை. இரண்டையும் எழுதும்" என்றார் டாக்டர் ஐயா.

முத்துவேல் கிழவருக்கு அடுத்த வருடம் உண்மையாகவே பெயர் வந்து, சேவலுக்குப் பதில் அதன் பேரக்குஞ்சு ஒன்றைப் பெட்டி மேல் வைத்துக்கொண்டு லொறி ஏறினார். எங்கள் வீட்டுக்கு இலங்கை என்று பதில் வந்தது. டாக்டர் ஐயா ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் போனார். ராக்காயிக்கு மட்டும் ஒரு பதிலும் வரவில்லை. மழைக்கு அழிந்துவிடும் என்று கொட்டில் கதவில் இருந்த எழுத்தை அவள் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் ஆழமாகச் செதுக்கி வைத்திருந்தாள். எழுத்துத் தெரியாதவள், ஒரு புள்ளி விடாமல்.

எண்பதுகளில் ஒரு நாள் காலை, பெரட்டுக்குச் சற்று முன்னால், டிஸ்பென்சரி வாசலில் ராக்காயி மூச்சிரைக்க வந்து நின்றாள். கையில் ஒரு செம்புப் பால், இன்னொரு கையில் அரசாங்க முத்திரை குத்தின ஒரு தாள். நான் வாங்கி வாசித்தேன். இலங்கைப் பிரஜை. எனக்குக் கண் மறைத்தது. அவளைக் கட்டிக்கொண்டேன். பால் பாதி என் சேலையில்.

"தங்கச்சி, அன்னைக்கு வாசிச்சியே, அதே மாதிரி வாசிக்கணும்."

"அன்னைக்கு அதுக்குத்தானக்கா பயந்து கொட்டிலுக்குள்ள ஒளிஞ்சீங்க?"

"அதுக்குத்தான் வாசின்றேன்."

பலகை ஸ்டோர் சுவரில் சாய்ந்து கிடந்தது. கழுவி, நீலம் கரைத்து, பணிய லயத்துக் கடைசிக் கட்டத்தை வரைந்து பூசினேன். தேயிலைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்தேன். ஏறி நின்று, என் பழைய குரலை முழுதாகத் திறந்துவிட்டேன்.

"பணிய லயம், கடைசிக் காம்பரா! குடும்பத் தலைவி ராக்காயி! மாமியார் ஒன்று! பிள்ளைகள் இரண்டு!"

"லெச்சுமியோட மகள விட்டுட்டியே!" என்று ராக்காயி பின்னாலிருந்து கத்தினாள். "சேத்துக்க தங்கச்சி! இன்னொரு தடவ, சத்தமா!"

இன்னொரு தடவை, சத்தமாக வாசித்தேன்.